ஷர்மிளா அளவுக்கு ஒரு கிடார்

ஆபரேஷனுக்குப் பிறகு ஷர்மிளா இரண்டு பேரைத் தொடுவதை விட்டுவிட்டாள். ஒன்று அவளுடைய கிடார். இன்னொன்று அவள் புருஷன் ராஜகுமார்.

கிடாரைத் தொடாததற்குக் காரணம் ராஜகுமாருக்குத் தெரியும். தன்னை ஏன் தொடவில்லை என்பதுதான் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

மாட்டுங்கா லேபர் கேம்பில் ராஜகுமாரை 'கிடார் டெய்லர்' என்றுதான் சொல்வார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர், பிறகு அதுவே விலாசமாகிவிட்டது. கடையில் விற்கும் கிடார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. வாசிக்கிறவர்கள் ஒரே அளவா? மாட்டுங்காவில் ஒரு பேங்க் அதிகாரி இருந்தார். அவர் தொப்பைக்கு முன்னால் எந்தக் கிடாரை வைத்தாலும் கம்பிகள் வானத்தைப் பார்க்கும். அவருக்கு ராஜகுமார் உடல் மெலிந்த கிடார் ஒன்று செய்து கொடுத்தான். "என் பெண்டாட்டிகூட என் தொப்பையை இப்படி மதிச்சதில்லை" என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வாடிக்கையாளரை ஸ்டூலில் உட்கார வைத்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தொடை, நெஞ்சு, முழங்கை என்று அளப்பான். அந்த அளவுக்கு மரத்தை வளைப்பான். ஓசை வரும் துளையைச் சுற்றிச் சிப்பித் துண்டுகளைப் பதித்து, அவரவர் ஆசைப்பட்ட பூவோ கொடியோ போட்டுக் கொடுப்பான். நைலான் கம்பி கட்டி, விரலாலேயே மீட்டுகிற கிளாஸிக்கல் கிடார் மட்டும்தான் அவன் செய்வது.

பெண்கள் வந்தால் டேப் ஷர்மிளா கைக்குப் போய்விடும். அது அந்த வீட்டின் பழக்கம். அவள் அளந்து சொல்ல, இவன் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொள்வான்.

ஷர்மிளா வடாலாக்காரி. அணுசக்தி நகரில் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழே வீடு, மேலே பட்டறை. அந்த மேல்தளத்தை எல்லோரையும் போல அவர்களும் 'மாலா' என்பார்கள். இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். இவன் மேலே மரம் இழைக்க, அவள் கீழே வாசித்துக்கொண்டிருப்பாள். நடுவில் நிறுத்தி, "ஏங்க, அந்த இழைப்புளிச் சத்தம் தாளத்துல இல்லை. கொஞ்சம் மெதுவா தள்ளுங்க" என்று அதட்டுவாள்.

போன வருஷம் மழைக்கு முன்னால் அவளுக்கு வலது மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு ஊசிகள், மருந்துகள், வாந்தி, முடியும் நகமும் உதிர்தல். எல்லாம் முடிந்து, 'நல்லாயிட்டீங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் ஏணியில் இறங்கி வந்த ராஜகுமார் பாதியிலேயே நின்றுவிட்டான். ஷர்மிளா கட்டிலில் உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்திருந்தாள். கிடாரின் மேல் விளிம்பு வலது நெஞ்சில்தான் வந்து சாயும். வலது கையும் அந்த விளிம்பின் மேல்தான் படிந்திருக்க வேண்டும். அவள் கையை வைத்தாள். விளிம்பு தையலில் அழுந்தியது. "ஸ்ஸ்" என்றாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு கிடாரைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அடுத்த வாரம் அந்தக் கிடாரைத் தன் மாணவி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஏன் குடுத்த?" என்றான் ராஜகுமார்.

"இங்கன இருந்து என்ன செய்ய? தூசிதான் அடையும்" என்றாள், அரிசியைக் களைந்துகொண்டே.

அன்றைக்கே ராஜகுமார் முடிவு செய்துவிட்டான். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அளவெடுத்துச் செய்கிறோம், இவளுக்கு ஒன்று செய்ய முடியாதா? செய்யலாம். ஆனால் இவளை யார் அளப்பது?

அவள் அவன் முன்னால் துணிகூட மாற்றுவதில்லை. மறைவுக்குத் திரை கட்டியிருந்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு போய், 'நெஞ்சைக் காட்டு' என்று எப்படிக் கேட்பது?

யோசித்து யோசித்து, கடைசியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் போனான். அங்கே சாயிராவின் தையல் கடை. ஷர்மிளாவின் ரவிக்கைகள் எல்லாம் சாயிரா தைப்பவைதான்.

"அக்கா, ஷர்மியோட அளவு ப்ளவுஸ் ஒண்ணு உங்ககிட்ட இருக்குமா?"

சாயிரா மிஷினை நிறுத்தினாள். "இருக்கு. என்ன தம்பி, புதுச் சேலை எடுத்திருக்கியா? சபாஷ்!"

"சேலை இல்லக்கா. கிடாருக்கு."

"கிடாருக்கா? அரே, இப்ப கிடாருக்கும் ப்ளவுஸ் போட ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவன் விஷயத்தைச் சொன்னான். சாயிராவின் சிரிப்பு போய்விட்டது. உள்ளே போய் ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்தாள். ஊதா நிறம். வலது பக்கம் உள்ளே பஞ்சுத் திண்டு ஒன்று வைத்துத் தைத்திருந்தது.

"இது ஆபரேஷனுக்குப் பெறகு தச்சது. திண்டு வச்சா ரெண்டு பக்கமும் சமமா தெரியும். அவதான் வைக்கச் சொன்னா." கொடுக்கப் போனவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "தம்பி, நேரா அவகிட்டயே கேட்டா என்ன?"

"கேக்க முடியலக்கா."

"பொண்டாட்டிகிட்ட கேக்க முடியல, என்கிட்ட கேக்க முடியுது. நல்ல ஆளுப்பா நீ" என்று ரவிக்கையை அவன் கையில் வைத்தாள்.

கார்த்திகை மாதம் காற்றில் ஈரம் குறைந்ததும் ராஜகுமார் வேலையைத் தொடங்கினான். ஒரு துணிப் பையில் மரத்தூளை அடைத்து, அதற்கு அந்த ஊதா ரவிக்கையை மாட்டி, ஸ்டூலில் நிறுத்தி வைத்தான். அதுதான் அவனுக்கு ஷர்மிளா. வளைத்த மரத்தை அந்தப் பையின் மேல் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். வழக்கமான கிடாரை விட உடலைச் சின்னதாக்கினான். மடியில் உட்காரும் பக்கம் தடிமனாகவும், நெஞ்சுப் பக்கம் மெலிதாகவும் ஆப்பு போலச் செய்தான். பஞ்சுத் திண்டு வந்து படுகிற இடத்தில் பின் விளிம்பைச் சரித்து இழைத்தான். கை சாயும் இடத்தில் முன் விளிம்பையும் மழுக்கினான்.

துளையைச் சுற்றி என்ன பதிப்பது என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், வடாலாவிலிருந்து அவளை சிவ்ரி சேற்றங்கரைக்குப் பூநாரை பார்க்கக் கூட்டிப் போவான். கப்பல்துறை ஓரத்தில் ஆயிரக்கணக்கில் இளஞ்சிவப்பாக நிற்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு காதலித்தார்கள் என்று சொல்லலாம். அவ்வளவு நாற்றம். இளஞ்சிவப்புச் சிப்பியை நகத்துண்டு அளவுக்கு அறுத்து, அரத்தால் ராவி, கால் காலாக, கழுத்து கழுத்தாகப் பதித்தான். துளையைச் சுற்றிப் பூநாரைக் கூட்டம் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஷர்மிளா செம்பூரில் சித்தி வீட்டுக்குக் கிளம்பிச் சேலை கட்டித் தயாராக இருந்தாள். ராஜகுமார் கிடாரைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தான். 

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் சிப்பியைத் தடவினாள்.

"கொக்கா?"

"பூநாரை."

"சிவ்ரியா?"

"ம்."

அவள் உட்கார்ந்தாள். கிடாரை எடுத்து மடியில் வைத்தாள். மெலிந்த பக்கம் நெஞ்சில் சாய்ந்தது. சரித்த விளிம்பு ரவிக்கையின் திண்டில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கையைப் போட்டாள். ராஜகுமார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 'ஸ்ஸ்' என்று சொல்லவில்லை. நாலைந்து சுரங்கள் வாசித்தாள். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

பிறகு என்ன நினைத்தாளோ, கிடாரைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது நைட்டியில் இருந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

திண்டு இல்லாத வெற்றிடத்துக்குள் கிடார் சரிந்தது. கம்பிகள் கூரையைப் பார்த்தன. சரித்து இழைத்த இடம் கீழே எங்கோ நின்றது. கூரான மேல் விளிம்பு நேராகத் தையலில் போய்க் குத்தியது.

"அம்மா!" என்றாள்.

ராஜகுமார் பதறி எழுந்தான்.

"எதை வச்சு அளந்தீய?" அவள் குரல் தணிந்திருந்தது.

"சாயிரா அக்காகிட்ட உன் அளவு ப்ளவுஸ் வாங்கி..."

"திண்டு வச்சதா?"

"ஆமா. நீ அதைத்தானே போடுத."

"வெளிய போகும்போது போடுதேன். பஸ்ல, கடையில, சித்தி வீட்டுல. அதுவும் அவிக்கிற புழுக்கத்துல, எப்ப வீட்டுக்கு வந்து கழட்டுவோம்னு இருக்கும். அதைப் போட்டுக்கிட்டா நான் கிடார் வாசிப்பேன்? ரெண்டு பாட்டு வாசிச்சா திண்டே தையலை அமுக்கிக் கொன்னுரும்." கிடாரைப் பக்கத்தில் வைத்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கீய. ஆனா இது வெளிய போற ஷர்மிளாவுக்கு. வீட்டுல இருக்கறவளுக்கு இல்ல."

"என்கிட்ட நீ சொல்லலையே..."

"நீங்க கேட்டியளா? தொண்ணூறு அடி ரோடு வரைக்கும் போய்க் கேட்டிருக்கீய. இங்கன, நாலு அடி தள்ளி உக்காந்திருக்கேன். என்கிட்ட கேக்கல."

"கிட்ட வர விட்டாத்தானே கேக்க? திரை கட்டிட்ட. திரும்பிப் படுத்துக்கிட்ட."

"நான் திரும்பிப் படுத்தேனா? ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கே பாயைச் சுருட்டிக்கிட்டு மாலாவுக்குப் போனது யாரு?"

"அது... தூக்கத்துல என் கை உன் தையல்ல இடிச்சிரும்னு போனேன்."

"தையல் ஆறுன பெறகு?"

 தையல் ஆறிய பிறகு, அவள் கூப்பிடுவாள் என்று அவன் காத்திருந்தான். அவளோ, பார்க்கப் பிடிக்காமல்தான் இவன் மேலே போய்விட்டான் என்று நினைத்துத் திரையைக் கட்டினாள்.

"சித்தி காத்துக்கிட்டிருப்பா" என்று எழுந்து, மறுபடி சேலை கட்டத் திரைக்குப் பின்னால் போனாள். ராஜகுமார் கிடாரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.

மேலே போனவன் உட்காரவில்லை. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினான். மெல்லிய கத்தியைப் பசை காய்ச்சும் அடுப்பில் சூடு காட்டினான். முதுகுப் பலகை உடலோடு ஒட்டியிருக்கும் வரியில் ஈரத் துணியை வைத்து, கத்தியை நுழைத்தான். அவன் ஒட்டுவது தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசையில். சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும். ஆனால் இளகும்போது மரம் விரிசல் விடுவது போல ஒரு சத்தம் போடும்.

டப். டப். டப்.

"என்னத்த உடைக்கீய?" கீழேயிருந்து அலறல் கேட்டது.

அவன் கத்தியை இன்னும் உள்ளே தள்ளினான். ஏணி அதிர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஷர்மிளா அந்த ஏணியில் ஏறியதே இல்லை. வலது கையைத் தூக்க முடியாது. இடது கையால் பிடித்து, ஒவ்வொரு படியாக, மூச்சு வாங்க ஏறி வந்து தலையை நீட்டினாள். நைட்டியில்தான் இருந்தாள்.

"உங்களுக்குப் பைத்தியமா? நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னு உடைச்சுப் போடுவியளா? எவ்வளவு அழகா இருக்கு அது!"

"உடைக்கல ஷர்மி. முதுகைப் பிரிக்கேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். "சரிச்ச எடம் தப்பு. உள்ள கட்டை குடுத்து வேற எடத்துல சரிக்கணும். பிரிக்காம முடியாது."

அவள் ஏறி வந்து தரையில் உட்கார்ந்தாள். பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஸ்டூலில், மரத்தூள் அடைத்து, ஊதா ரவிக்கை மாட்டி, தலையில்லாமல் ஒரு உருவம் இருந்தது.

"இது யாரு?"

ராஜகுமார் நெளிந்தான். "நீதான்."

ஷர்மிளா அதையே பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று அவன் பயந்தான். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு குண்டாவா இருக்கேன் நான்? வயித்துல ஒரு மூட்டை தூளைப் போட்டு வச்சிருக்கீய!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அப்புறம் அது அழுகைதானோ என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

முதுகுப் பலகை முழுதாகப் பிரிந்து வந்தது. முன் பலகையும் சுற்றுச் சுவரும் கழுத்தும் மட்டும் மீதி. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இப்ப எந்த எடத்துல சரிப்பீய?"

"அதான் தெரியல."

"சரி, எப்படிக் கண்டுபிடிக்கணும்? சொல்லுங்க."

"ரெண்டு மரம் சரியா பொருந்துதான்னு பாக்க, ஒண்ணுல சாக்கட்டி தேச்சு அமுக்குவோம். எங்க முட்டுதோ அங்க சாக்கட்டித் தூள் ஒட்டும். அந்த எடத்தை மட்டும் இழைக்கணும். இதுலயும் விளிம்புல சாக்கட்டி தேச்சு, நீ சாச்சு வச்சேன்னா..."

"தேய்ங்க."

அவன் நீலச் சாக்கட்டியை விளிம்பில் தேய்த்தான். அவள் ஸ்டூலில் இருந்த உருவத்தைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கிடார் கூட்டை வாங்கப் போனவள், நிறுத்தினாள்.

"துணி மேல அளந்துதானே இவ்வளவும் தப்பாப் போச்சு" என்றாள்.

ராஜகுமார் சாக்கட்டியும் கையுமாக அவளைப் பார்த்தான்.

"அந்த ஜன்னலைச் சாத்துங்க. லைட்டைப் போடுங்க. அரே, என்ன பாக்கீய? வேலையைப் பாருங்க டெய்லர்!"

அவன் ஜன்னலைச் சாத்தினான். விளக்கைப் போட்டான். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு நைட்டியின் மேல்பகுதியை இடுப்பு வரை இறக்கினாள்.  பிறகு அவன் பக்கம் திரும்பினாள். கண்ணை மூடியிருந்தாள்.

மார்பு இருந்த இடம் சமதளமாக இருந்தது. அக்குளிலிருந்து நெஞ்சின் நடு வரை சாய்வாக ஒரு கோடு. பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த கோடு. ராஜகுமார் பார்த்தான். மரத்தைப் பார்க்கிற கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் வாயில் வந்தது என்னவோ தொழில் பேச்சுதான்.

"தையல் நேரா போட்டிருக்காங்க."

ஷர்மிளா கண்ணைத் திறந்தாள். "அவ்வளவுதானா?"

"நான் கிடார் ஓரத்துல வரி வச்சு ஒட்டுனாகூட இவ்வளவு நேரா வராது."

"போங்க. கிண்டல் வேற."

"நெசமா." குனிந்து பார்த்தான். "வலிக்குதா ஷர்மி?"

"தொட்டா வலிக்காது. அமுக்குனாத்தான் வலிக்கும். இந்தப் பக்கம் மரத்துப் போச்சு. தொடுறதே தெரியாது. இங்கன மட்டும் சுருக்குன்னு இருக்கும்."

"எங்க?"

அவள் அவன் கையைப் பிடித்தாள். அத்தனை மாதங்களில் முதல் தடவை. விரலைக் கோட்டின் மேல் மெதுவாக நடத்திக் கொண்டுபோனாள். "இங்க தெரியாது... இங்கயும் தெரியாது... இந்தா, இங்கன. இந்த எடத்துல எதுவும் படக் கூடாது." விரலை அங்கேயே நிறுத்தினாள். எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. வெளியே எங்கோ குக்கர் விசில் அடித்தது. கீழே அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சித்தியாக இருக்கும்.

"சாக்கட்டி காஞ்சிரும்" என்றாள் கடைசியில்.

"சாக்கட்டி காயாது."

"எனக்குத் தெரியும்" என்று சிரித்தாள்.

கிடார் கூட்டை மடியில் வைத்துச் சாய்த்தாள். எடுத்தபோது நெஞ்சில் நீலக் கோடு ஒன்று விழுந்திருந்தது, தையலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு. அவன் டேப்பை எடுத்து அளந்தான்.  மறுபடி அளந்தான். அவள் சொல்லச் சொல்ல, சுவரில் பென்சிலால் குறித்தான். அன்று செம்பூருக்கு யாரும் போகவில்லை.

ராத்திரி ராஜகுமார் பாயை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.  அவள் கட்டிலில் சுவரோரமாக நகர்ந்து படுத்துக்கொண்டாள். பாய் விரிக்கப்படவில்லை.

பிறகு நடந்தது எல்லாம் அவசரமில்லாத வேலை. விளிம்புக்கு உள்ளே தடிமனாகக் கட்டை ஒட்டி, மேலிருந்து அகலமாகச் சரித்து இழைத்தான். இழைத்த ஒவ்வொரு தடவையும் ஷர்மிளா ஏணியில் ஏறி வந்து சாய்த்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் மேல." "இன்னும் வழுக்குது." "இப்ப குத்தல, ஆனா இருக்குன்னு தெரியுது." இழைத்த இடத்தில் ஒரு பூநாரை பதிக்கட்டுமா என்று கேட்டான்.

"அங்கன ஒண்ணும் வேண்டாம். வழவழன்னு இருக்கட்டும்."

அவளே உப்புத்தாள் வாங்கி அந்த இடத்தைத் தேய்த்தாள். வலது கைக்கு அது நல்ல பயிற்சி என்று டாக்டர்கூடச் சொன்னாராம். முதுகுப் பலகையை ஒட்டும்போது மட்டும், கிளாம்ப் போட இரண்டு கை போதாமல், நாலு கையும் வேண்டியிருந்தது.

பங்குனி வெயில் ஆரம்பித்த ஒரு மத்தியானம். கம்பி கட்டி முடிந்தது. ஷர்மிளா நைட்டியில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கவிழ்த்த அலுமினியச் சட்டி மேல் இடது காலை வைத்துக்கொண்டாள். கிடார் அவள் மடியில் ஏறி, நெஞ்சில் சாய்ந்து, அப்படியே நின்றது. கையைப் போட்டாள். தோளை அசைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்தாள்.

வாசிக்க ஆரம்பித்தாள்.

விரல்கள் பழகவில்லை. பல இடங்களில் தடுமாறின. மருந்தில் உதிர்ந்த நகங்கள் இன்னும் முழுதாக வளரவில்லை. நகம் படாமல் வெறும் விரல்சதையால் மீட்டியதால் சத்தம் மெல்ல, பஞ்சில் சுற்றியது போல வந்தது. ராஜகுமார் கதவோரம் நின்று கேட்டான். தெருவில் போகிற ஆட்டோச் சத்தத்தில் பாதி காணாமல் போனது. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்கலையா?"

"கேக்குது, கேக்குது."

"பொய் சொல்லாதீய. நகம் வளந்தாத்தான் சத்தம் வரும். அதுக்கு இன்னும் மாசமாகும்." விரல்கள் நிற்கவில்லை. "அது வரைக்கும் கேக்கணும்னா, கிட்ட வந்து உக்காருங்க."

அவன் வந்து கட்டிலின் அடுத்த முனையில் உட்கார்ந்தான்.

"இன்னும் கிட்ட" என்றாள் ஷர்மிளா.